டெல்டாப் பெண்களுக்கு ஓட்டு எந்த வழியாக வந்தது?

மன்னார்குடியில் வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி எனக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தாள். "இங்கிலாந்துப் பெண்கள் சிறைக்குப் போய், பட்டினி கிடந்து ஓட்டு வாங்கினார்கள். நம் பெண்களுக்குச் சுதந்திரத்தோடு சேர்ந்து சும்மா கிடைத்தது என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். அது சரியா டீச்சர்? இதில் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு ஏதாவது பங்கு உண்டா? எங்கள் அப்பாயி, 'தாத்தா சொன்ன சின்னத்துக்குத்தான் நான் எப்பவும் போடுவேன்' என்கிறார்கள். அப்படியானால் அந்த ஓட்டுக்கு என்ன அர்த்தம்?"

திருத்துறைப்பூண்டிப் பக்கம் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவள் நான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை தேர்தல் வேலைக்கும் போயிருக்கிறேன். புத்தகத்தில் படித்ததும் சாவடியில் பார்த்ததும் எனக்குள் கலந்துதான் கிடக்கின்றன, அப்படியே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: சும்மா கிடைக்கவில்லை அம்மா. சுதந்திரத்துக்கு 30 வருஷம் முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டது நம் சென்னையிலிருந்துதான். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டோரத்தி ஜினராஜதாசா எல்லாம் முன்னின்றவர்கள். இந்த மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர். இங்கே வருவதற்கு முன்பே பெண்களின் ஓட்டுக்காக லண்டனிலும் டப்ளினிலும் சிறைக்குப் போனவர். நீ சொல்கிற அந்தப் போராட்டத்தின் ஆள் ஒருவரே நேராக நம் ஊருக்கு வந்து வேலை செய்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் பார்த்தது. புதிய அரசியல் சட்டத்தில் 'மக்கள்' என்று நீங்கள் எழுதும்போது அதில் பெண்களும் அடக்கம் என்று இருக்க வேண்டும், இதுதான் கோரிக்கை.

அப்புறம் வாக்குரிமையைப் பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தச் சமூகம் ஏற்காது, திரைக்குள் இருக்கும் பெண்கள் எப்படி வந்து ஓட்டுப் போடுவார்கள் என்பது அவர்கள் வாதம். சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், ஹீராபாய் டாடா, அவர் மகள் மிதன் முதலியவர்கள் லண்டனுக்கே போய்ச் சாட்சி சொன்னார்கள். அங்கேயும் நேரடியாகக் கொடுக்கவில்லை. 1919 சட்டத்தில், அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் பெண்களுக்கு இருக்கும் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று பந்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

சென்னைச் சட்டசபை அதிகம் யோசிக்கவில்லை. 1921 ஏப்ரல் 1-ஆம் தேதி தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதலாவது. நன்றாகக் கவனி, இங்கே தடை நீங்கியது ஆணுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையில். அந்த நேரத்தில் இங்கிலாந்தில் 30 வயது ஆன பெண்ணுக்குத்தான் ஓட்டு, அதுவும் சொத்துத் தகுதி பார்த்து. அவர்களுக்கு ஆணோடு சமமாகக் கிடைத்தது 1928-ல். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் தஞ்சாவூர்ப் பெண் லண்டன் பெண்ணை ஏழு வருஷம் முந்திவிட்டாள்.

ஆனால் எழுத்தை மட்டும் பார்த்தால்தான். ஏனென்றால் அந்த 'அதே நிபந்தனை' என்பது சொத்து. கிராமமானால் உன் பேரில் பட்டா இருக்க வேண்டும், நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும். நகரமானால் வீட்டு வரி. ஆண்களிலேயே சிறுபான்மைதான் தேறியது. பெண்களில்? இங்கேதான் உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம்.

காவிரிக் கரையில் நிலம் என்பது வெறும் சொத்து இல்லை, அதுதான் எல்லாம். எத்தனை வேலி (எங்கள் பக்கத்து நில அளவு) நிலம் என்பதை வைத்து ஒரு வீட்டின் மரியாதை. அந்த நிலத்தில் நாற்று பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்துக் கட்டுத் தூக்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பட்டாவில் பெண் பெயரை விரல் விட்டு எண்ணலாம். பிள்ளை இல்லாமல் புருஷன் இறந்து, பாகம் பிரிந்த குடும்பமாகவும் இருந்தால், விதவையின் பேருக்கு நிலம் வரும், அதுவும் அவள் காலம் வரைக்கும்தான், விற்க முடியாது. கூட்டுக் குடும்பமானால் சாப்பாட்டுக்கும் துணிக்கும் மட்டும் உரிமை. இன்னொரு வகைப் பெண்கள், கோயில் பணிக்காக மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசிகள். சம்சாரிப் பெண்ணுக்கு இல்லாத ஒன்று, பேரில் நிலம், அவர்களில் சிலருக்கு இருந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை உனக்குத் தெரியும். இந்த இரண்டு வகையையும் விட்டால், வீட்டில் இருந்த மிராசுதார் மனைவிக்கும் ஓட்டு இல்லை, வயலில் இருந்த பண்ணையாள் மனைவிக்கும் ஓட்டு இல்லை. ஒருத்திக்குப் புருஷன் பேரில் நிலம், இன்னொருத்திக்கு யார் பேரிலும் நிலம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்களின் ஓட்டு வரலாறு என்பது, ஒரு காகிதத்தில் தன் பேர் இருந்ததா இல்லையா என்கிற வரலாறுதான். இத்தனை வருஷம் இதைப் பற்றிப் படித்ததில் என் மனதில் ஊன்றி நிற்பது இதுதான்.

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் காரைக்கால். அதுவும் காவிரி பாயும் மண்தான், ஆனால் பிரெஞ்சு ஆட்சி. அங்கே 1870-களிலேயே சொத்து பார்க்காமல் ஆண்களுக்கு ஓட்டு. ஏழைத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் எந்தப் பெண்ணுக்கும் இல்லை, எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும். பிரான்ஸ் தன் நாட்டுப் பெண்களுக்கே 1944-ல்தான் சம்மதித்தது. ஆக 1920-களில் எல்லைக்கு இந்தப் பக்கம் சொத்து இல்லாதவனுக்கு இல்லை, அந்தப் பக்கம் பெண்ணாகப் பிறந்தவளுக்கு இல்லை. நாகூர்ச் சந்தைக்கு வந்து போகிற ஏழைப் பெண் எந்தப் பக்கம் நின்றாலும் வெளியேதான் நின்றாள். இந்த ஒப்பீட்டை உன் ஆசிரியரிடம் சொல்லிப் பார், வகுப்பில் பேச ஒரு நாள் போதாது.

கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் இலங்கை 1931-லேயே 21 வயதான எல்லா ஆண் பெண்ணுக்கும் ஓட்டுக் கொடுத்துவிட்டது. ஆசியாவிலேயே அது பெரிய முன்னோடி. ஆனால் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களுக்கு அங்கே குடியிருப்பு நிபந்தனை போட்டார்கள். 1948, 49-ல் குடியுரிமையும் ஓட்டும் இரண்டும் பறிபோயின. கொழுந்து பறித்த பெண்களிடம் இருந்ததும் போனது. வந்த உரிமை போகவும் போகும் என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திரும்பவும் இங்கே வருவோம். சட்டசபைக்குள் பெண் நுழைந்தது 1926 தேர்தலை ஒட்டித்தான். கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், 1927-ல் சட்டசபையின் துணைத் தலைவரானார். புதுக்கோட்டைக்காரர், அம்மா சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் குலம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் வாதாடியவர் அவர். அதே காரியத்தை வெளியில் ஊர் ஊராகச் செய்தவர் நம்ம மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1883-ல் பிறந்தவர், தானே அந்தக் குலத்தில் வளர்ந்து, அதிலிருந்து வெளியே வந்து, மேடை ஏறியவர். 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போன நடைப்பயணத்தில் நடந்தே போனார். வயது 55. அந்த ஆண்டே சிறைக்கும் போனார். நீ வாங்கும் புதுமைப்பெண் உதவித்தொகை இவர் பேரில் இருக்கும் திட்டம்தான். பேரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியவில்லை. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

வேதாரண்யத்தையும் சொல்ல வேண்டும். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு எடுக்கப் போன அணியில் ஏறக்குறைய நூறு பேர், எல்லாரும் ஆண்கள். ஆனால் அந்தப் போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்துக்கே வந்து கைதாகி, உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சென்னை மாகாணத்தில் சிறை சென்ற முதல் பெண் ஆனார். 1937-ல் சட்டசபைத் துணைச் சபாநாயகர், 1946-ல் சுகாதார மந்திரி. மாகாணத்தின் முதல் பெண் மந்திரிக்கு அரசியல் பாதை நம்ம உப்பளத்து வழியாகப் போயிருக்கிறது. உன் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

1935 சட்டம் வந்தபோது ஓட்டு கொஞ்சம் விரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு உண்டு. சொத்துத் தகுதி உள்ளவரின் மனைவிக்கும் உண்டு. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல செய்தி. ஆனால் இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் 'மனைவி' என்கிற அந்தத் தகுதியை எதிர்த்தன. எங்களுக்கு ஓட்டு ஒரு ஆளாக வேண்டும், இன்னாரின் பெண்டாட்டி என்பதால் வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் கொடு என்றார்கள். யோசித்துப் பார், ஓட்டு கையில் வரும் நேரத்தில், வரும் வழி சரியில்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவர்களில் பலர் வசதியான வீட்டுப் பெண்கள். மனைவி என்ற தகுதியில் அவர்களுக்குத்தான் முதலில் லாபம். அதை வேண்டாம் என்றவர்கள் அவர்கள். இதைப் படித்த அன்று என் கண் நிறைந்துவிட்டது.

சரி, கடைசியில் அந்த எல்லாருக்குமான ஓட்டு 1950 அரசியலமைப்பில் வந்தது. 326-ஆவது பிரிவு. 21 வயது (18 ஆனது 1989-ல்). அதை எழுதிய சபையில் சென்னையிலிருந்து அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் மூவரும் இருந்தார்கள்.

ஆனால் சட்டம் எழுதினால் போதுமா? பட்டியலில் பேர் ஏற வேண்டுமே. முதல் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படி எழுத முடியாது என்று உறுதியாக இருந்தார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பேர் பட்டியலிலிருந்து விழுந்தது. கொடுமைதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லிப் பதிய வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்காதது சரி என்றே நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. நம் பெண்கள் தங்கள் பேரைச் சொல்வார்கள், வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டார்கள். பட்டியலிலோ பெண் பேருக்குக் கீழே கணவர் பேர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாவடியில், ஒரே பேரில் மூன்று பெண்கள் இருந்தார்கள், எந்த வரிசை எண் என்று பார்க்க வேண்டும். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மலை மேல நிக்கிறாரே, கோவணம் கட்டிக்கிட்டு" என்றார். பின்னால் நின்ற பெண், "பழனி, டீச்சர்" என்று எடுத்துக் கொடுத்தாள். வரிசையே சிரித்தது, அந்த அம்மாவும் சிரித்தார்.

என் அப்பாயி முதல் ஓட்டுப் போட்டது 1952 ஜனவரியில். அறுவடை நேரம். காலையில் களத்து வேலையை முடித்துவிட்டுத் தெருப் பெண்கள் சேர்ந்து நடந்து போனார்களாம். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். கையில் கொடுத்த சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறாயோ அது உன் ஓட்டு. அப்பாயி எனக்குச் சொன்னதில் கட்சியும் இல்லை, ஆளும் இல்லை. "என் பேரை முழுசாப் படிச்சாங்கடி. பெரியாத்தா, சின்னாத்தான்னு இல்ல, என் பேரை" என்றார்கள். அவர்கள் பேரில் ஒரு குழி நிலம் கடைசி வரை இருந்ததில்லை. அவர்கள் பேர் ஏறிய முதல் அரசாங்கக் காகிதம் அந்தப் பட்டியல்தான்.

அந்தத் தேர்தல் இந்த மண்ணில் ஒன்றும் செய்யாமல் போகவில்லை. மாயவரம் நாடாளுமன்றத் தொகுதியில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஆனந்த நம்பியார் ஜெயித்தார். பண்ணையாட்களின் கோபம் பெட்டியில் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதுவரை வயலில் சங்கம் கட்டி அடிபட்டவர்களின் பங்கு அதில் பெரிது. அவர்களில் ஒருவர் மணலூர் மணியம்மை, பிராமண விதவை, தலைமுடியை வெட்டிக்கொண்டு வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கூலிப் பெண்களோடு நின்றவர், 1953-ல் இறந்தார். என்றாலும் எல்லாருக்கும் ஓட்டு வந்த பிறகுதான் அந்தக் குரல் கோட்டைக்குக் கேட்டது. ஆனால் அந்தச் சட்டத்திலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலிதான் எழுதினார்கள்.

ஓட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நினைத்துவிடாதே. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி கேட்ட தகராறில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊரில் வயது வந்த பெண்களுக்கு அதற்கு முன் நான்கு பொதுத் தேர்தல்களில் ஓட்டு இருந்தது. நான் பள்ளியில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிடுவேன்.

நிலம் என்னவாயிற்று என்று கேட்பாய். ஓட்டைவிட மெதுவாக வந்தது. 1937-ல் விதவைக்குச் சொத்தில் பங்கு (விவசாய நிலம் அதில் சேரவில்லை), 1956-ல் வாரிசுரிமைச் சட்டம், 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. நாடு முழுக்க அது 2005-ல். சொத்து இருந்தால்தான் ஓட்டு என்று ஆரம்பித்த கதை, ஓட்டு வந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்துச் சொத்தைத் தொட்டிருக்கிறது.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்த பிறகு முதல் தேர்தல். அன்று மை வைக்கும் வேலை எனக்கு. சம்பா நடவு நேரம். பத்து மணிக்கு மேல் நடவுப் பெண்கள் வயலிலிருந்து நேராக வந்தார்கள், சேலையைத் தூக்கிச் செருகியபடி, முழங்கால் வரை சேறு. நீட்டிய விரல் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது, நகக்கண் முழுக்கச் சேறு. மை பிடிக்கவில்லை. ஒரு அம்மா முந்தானையால் விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு, "இப்ப வையிங்க, நல்லா அழுத்தி வையிங்க" என்றார். அன்று தலைவர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவர் அவர்களோடு நடவு நட்டவர். பிறகு பல ஊரில் தலைவியின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்ததையும் பார்த்தேன். இரண்டாவது முறை நின்றவர்கள் அதை விடவில்லை என்பதையும் பார்த்தேன். 2016-ல் அந்த ஒதுக்கீடு பாதியானது. சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் சட்டம் வந்திருக்கிறது, தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் நடைமுறை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 10 லட்சம் பேர் அதிகம்.

இனி உன் அப்பாயி. தாத்தா சொன்னதற்குத்தான் போட்டேன் என்கிறார்கள். நம்பு, ஆனால் முழுதாக நம்பாதே. அந்தத் தலைமுறைப் பெண்கள் வீட்டில் எதை எப்படிச் சொன்னால் சண்டை வராது என்று அறிந்தவர்கள். தாத்தா சொன்னதற்கே போட்டிருந்தாலும், ஒவ்வொரு முறையும் கட்சிக்காரர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அவர்களையும் கும்பிட்டுத்தானே கேட்டிருப்பார்கள்? ஓட்டு இல்லாத காலத்தில் அந்தக் கும்பிடு திண்ணையோடு நின்றுவிடும்.

2006-ல் ஒரு சாவடியில், எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டியை மகன் கூட்டி வந்தார். "அம்மாவுக்குத் தெரியாது, நானே அமுக்கிடுறேன்" என்றார். கண் தெரியாதவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் துணையாள் வரலாம், விதியில் இடம் உண்டு. ஆனால் பாட்டிக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, கையும் நன்றாக இருந்தது. "நீங்க வெளியில நில்லுங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு, பாட்டிக்கு மை வைத்தேன். அட்டை மறைப்புக்குப் பக்கம் போனவர் திரும்பி வந்து என்னிடம் குனிந்து, "அவன் பாக்க மாட்டானே?" என்று கேட்டார்.

"யாரும் பாக்க மாட்டாங்க பாட்டி."

"அப்புறம் ஓட்டு எண்ணையிலயும் தெரியாதே?"

"தெரியாது."

போய் நின்று, அவசரப்படாமல் ஒவ்வொரு சின்னமாக விரல் வைத்துப் பார்த்து, அமுக்கினார். இயந்திரம் நீளமாகக் கூவியது. வாசலில் மகன், "சரியாப் போட்டியா?" என்று கேட்டதும், "நீ சொன்ன மாதிரிதான்" என்று பாட்டி சொன்னதும் என் காதில் விழுந்தது.

உன் அப்பாயியிடம் தாத்தா இல்லாத நேரத்தில் இன்னொரு தரம் கேள். எந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் ஓட்டு, யாரோடு போனார்கள், யார் பேரைப் படித்தது, எல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. எழுதியதை எனக்கும் அனுப்பு.